ஒட்டவைத்த பிறகு



சென்ற செவ்வாய்க்கிழமை என் இருசக்கர வண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மெக்கானிக் கடையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பழைய வால்வைக் கழற்றிய அந்தச் சகோதரர் அதை என் உள்ளங்கையில் வைத்து, “தேஞ்சு போச்சு ஐயா, பாருங்க” என்றார். கரி படிந்த, விரல் நீளமுள்ள ஒரு சிறு உலோகக் காளான். திருகாணிகள் சிதறாமலிருக்க அவர் வைத்திருந்த காந்தத் தட்டின்மேல் அதன் தண்டை வைத்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டது. திருப்பி அதன் தலையை வைத்தேன், ஒட்டவில்லை. கடையில் வேலை கற்கும் சிறுவன் அருகில் வந்து தானும் இரண்டு முறை வைத்துப் பார்த்தான். “ஒரே கம்பிதானே ஐயா, பாதி ஒட்டுது, பாதி ஒட்டலையே?” என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலையே இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன். அதோடு, அவனிடம் சொல்லாத ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. அது நம் சபையைப் பற்றியது, என்னைப் பற்றியதும்கூட.

அது ஒரே கம்பி அல்ல. இரண்டு வெவ்வேறு எஃகுகள் ஒன்றாக இணைக்கப்பட்டது. எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் வழியை அடைத்தும் திறந்தும் நிற்கிற வால்வின் தலை 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டைத் தாங்கவேண்டும். அந்தச் சூட்டில் அரிக்கப்படாமலும் இளகாமலும் இருக்கவேண்டும். அதற்காக ஏறத்தாழ 21 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்ந்த ஓர் எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் காந்தம் இழுக்காது. தண்டின் கடமையோ வேறு. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது வால்வு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை, மேலும் கீழும் போய்வருகிறது. அந்தத் தண்டு தேயக்கூடாது. அதன் நுனி அடிவாங்கியும் நசுங்கக்கூடாது. அதற்கு ஏறத்தாழ 9 விழுக்காடு குரோமியமும் 3 விழுக்காடு சிலிக்கானும் உள்ள, சூடேற்றிக் கடினப்படுத்தக்கூடிய வேறோர் எஃகு வேண்டும். இது காந்தத்துக்கு இழுபடும், விலையும் குறைவு. தலையின் வேலையைத் தண்டால் செய்ய முடியாது. தண்டின் வேலையைத் தலையும் செய்யாது. ஆகவே இரண்டையும் இணைக்கிறார்கள்.

இத்தகைய வால்வுகள் நம் நகரத்துக்கு அந்நியமானவை அல்ல. 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் ராணே எஞ்சின் வால்வ் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் தொழிலே எஞ்சின் வால்வுகள் செய்வதாகத்தான் இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம், உலோகங்களை இணைக்கும் கலையை ஆராய்வதற்கென்றே 1975 முதல் இயங்கி வருகிறது.

எப்படி இணைக்கிறார்கள்? சாதாரணமாகப் பற்றவைக்கும்போது இரண்டு விளிம்புகளும் உருகி, கலந்து, உறைகின்றன. குணத்தில் வேறுபட்ட உலோகங்கள் அப்படி உருகிக் கலக்கும்போது, சில வேளைகளில் இரண்டின் நன்மையும் இல்லாத மூன்றாவது ஒன்று நடுவே உண்டாகிவிடும். உராய்வுப் பற்றவைப்பில் எதையும் உருக்குவதில்லை. ஒரு துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் சுழற்றி, முகத்தோடு முகம் வைத்து அழுத்துகிறார்கள். உராய்வினால் இரு முகங்களும் சிவந்து, மாவைப்போல் இளகுகின்றன. அப்போது சுழற்சியைச் சட்டென்று நிறுத்தி, முன்னிலும் பலமாக ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். மேற்பரப்பில் இருந்த துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இளகிய உலோகத்தோடு சேர்ந்து வெளியே ஒரு வளையமாகப் பிதுங்கிவிடுகின்றன. உள்ளே சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொடுகிறது. எல்லாம் ஒரு சில நொடிகளில் முடிந்துவிடும். 1950-களில் சோவியத் ஒன்றியத்தில் லேத் இயந்திரத்தில் செய்து காட்டப்பட்ட பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது.

பார்ப்பதற்கு மிக அழகான காட்சி அது. தீப்பொறி பறக்கும், சிவந்த வளையம் பூப்போல் மலரும், இரண்டு ஒன்றாகிவிடும். நானும் என் இளமையில் அதைக் கண்டு மயங்கியவன்தான்.

ஆனால் வேலை அத்தோடு முடிவதில்லை, பிரியமானவர்களே. ஒட்டிய அந்த நொடியில்தான் ஆபத்து தொடங்குகிறது. தண்டுப் பக்கத்து எஃகு சில நொடிகளில் கடுஞ்சூட்டை அடைந்து, அந்தச் சூடு பக்கத்திலுள்ள குளிர்ந்த உலோகத்துக்குள் ஓடிவிடுவதால், விரைவாகக் குளிர்ந்துபோகிறது. கொல்லன் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்குவதற்கு ஒப்பானது அது. இணைப்பை ஒட்டிய அந்தக் குறுகிய பட்டை மிகக் கடினமாகிறது. கடினமாவதோடு கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மையையும் அடைகிறது. இரு எஃகுகளும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் உள்ளே ஓர் இழுவிசையும் தங்கிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கைக்கு உறுதியாகவே இருக்கும். ஆனால் சில மணி நேரம் சும்மா கிடந்தாலே, யாரும் தொடாமலே, உள்ளே மயிரிழை போன்ற விரிசல் விழுந்துவிடக்கூடும்.

ஆகையால் ஒட்டிய துண்டுகளைத் தாமதமின்றி உலைக்குக் கொண்டுபோகிறார்கள். உருக்கும் சூடு அல்ல. 600 டிகிரிக்கும் 700 டிகிரிக்கும் இடைப்பட்ட மிதமான சூடு. அதில் குறித்த நேரம் வைத்திருந்து, பிறகு மெதுவாக ஆறவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் கடினம் சற்றுக் குறைகிறது, உறுதி வருகிறது, உள்ளிழுப்பு பெரும்பகுதி தளர்கிறது. இதைப் பட்டறையில் டெம்பரிங் என்பார்கள். பார்ப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. மூடிய உலை, ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு, அவ்வளவுதான்.

போதக ஊழியத்துக்கு வருமுன் நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மேலே சொன்ன நிறுவனம் அல்ல அது; பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. எனக்கு வயது 22. டிப்ளமோ முடித்து வந்தவன் என்ற பெருமை வேறு. இரவு ஷிப்டில் உலை என் பொறுப்பு. ஒருநாள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. நான்கு மணிக்குத்தான் வந்தது. அதற்குமுன் ஒட்டப்பட்ட வால்வுகள் தட்டில் அப்படியே குளிர்ந்து கிடந்தன. உலை மறுபடி சூடேறவே நேரம் பிடித்தது. காலை ஷிப்டுக்கு எண்ணிக்கை காட்டவேண்டும். குளிர்ந்து கிடந்த தட்டைத் தனியாக எடுத்து வைத்து அடையாளமிட்டிருக்கவேண்டும்; நான் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக உலையில் ஏற்றி, குறித்த நேரத்தில் பாதிதான் வைத்திருந்து, வெளியே எடுத்தேன். பதிவேட்டில் முழு நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

காலையில் போர்மேன் வந்தார். தலை நரைத்தவர், அதிகம் பேசமாட்டார். வழக்கம்போல் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து, வைசில் இறுக்கி, இணைப்பிடத்தில் வளைத்துப் பார்த்தார். முதல் தட்டு வளைந்தது. இரண்டாவது தட்டிலிருந்து எடுத்தது வளையவில்லை. ‘டக்’ என்று முறிந்தது. முறிந்த முகம் சர்க்கரையைப்போல் மினுமினுத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, “எவ்ளோ நேரம் வச்சியோ, அத எழுது” என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு, உண்மையான நேரத்தை எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். இரண்டு தட்டுகளும் கழிவுக்குப் போயின. அவர் போகும்போது சொன்னது இதுதான்: “ஒட்டறத மெஷினு பாத்துக்கும் தம்பி. ஒட்டினப்புறம் பாத்துக்கிறதுதான் நம்ம வேல.”

இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையை வாலிபர் கூட்டங்களில் நேர்மையைக் குறித்துப் பேசும்போது நான் சொன்னதுண்டு. அதன் மறுபாதி எனக்குப் புரியவே இல்லை என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு ஆராதனைகளை ஒன்றாக்கினோம். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். ஒன்று, பாலவாக்கம் குப்பத்திலும் அதைச் சுற்றியும் உள்ள குடும்பங்கள் பல்லாண்டுகளாகக் கூடிவந்த சிறிய சபை. மற்றொன்று, இந்தப் பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு எழும்பிய அடுக்குமாடிகளில் குடியேறி, பழைய மகாபலிபுரம் சாலைக் கணினி நிறுவனங்களில் வேலை செய்துகொண்டு, வாடகை மண்டபத்தில் கூடிவந்த கூட்டம். ஒரு தரப்பிடம் இடம் இருந்தது, ஜெபம் இருந்தது, ஓர் ஊரின் நினைவு இருந்தது. மறு தரப்பிடம் இளமை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், கணக்கு வழக்குகளை ஒழுங்காக வைக்கும் திறமை இருந்தது. ஒருவர் வேலையை மற்றவரால் செய்ய முடியாது. இணைப்பது நல்லது என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

இணைப்பதற்கு முன்பு உராய்வும் குறைவில்லாமல் இருந்தது. எந்த மொழியில் பாடுவது, யார் கணக்கைப் பார்ப்பது, நாற்காலியா பாயா என்று ஆறு மாதம் கூடிப் பேசினோம். சூடு பறந்தது, பிசுக்குகள் பிதுங்கி வெளியே வந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக நின்றோம். பலர் அழுதார்கள். இருநூறு பேருக்குப் பிரியாணி சமைத்தோம். அந்த ஆண்டறிக்கையில் நான் எழுதினேன்: ‘இரு ஆராதனைகளின் இணைப்பு ஆண்டவருடைய கிருபையால் இனிதே நிறைவேறியது.’ எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

நம் சபையில் ஒரு தாயார் இருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். விதவை. மீன் விற்கிறவர். பழைய சபையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைதோறும் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்துப் பாய் விரித்துவிட்டுப் போவார். யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை. அவர் கேட்டதும் இல்லை. இணைந்த பிறகு, அடுக்குமாடியிலிருந்து வந்த சகோதரர்கள் நல்லெண்ணத்தோடு, ‘வயதான அம்மாவை ஏன் சிரமப்படுத்தவேண்டும்’ என்று சம்பளத்துக்குத் துப்புரவுப் பணியாளர்களை அமர்த்தினார்கள். நானும் சம்மதித்தேன். ஆராதனையைப் பத்து மணியிலிருந்து எட்டரைக்கு மாற்றினோம். பிள்ளைகளின் வகுப்புகளுக்கு அது வசதி. ஞாயிறு காலைதான் மீன் அதிகம் விற்கும் நேரம் என்பது குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

அவர் வருவது நின்றது. முதல் மாதம் எனக்குத் தெரியவே இல்லை, கூட்டம் பெருகியிருந்தது. இரண்டாம் மாதம் தெரிந்தது. ‘உடம்பு சரியில்லையோ’ என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் போகவேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினேன். நான்காம் மாதம்தான் போனேன். கடலோரம் அவர் வீட்டு வாசலில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். குறையொன்றும் சொல்லவில்லை. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “யாரும் என்னப் போன்னு சொல்லல ஐயா. இருன்னும் யாரும் சொல்லல” என்றார்.

திரும்பி வரும் வழியில், வைசில் முறிந்த அந்த வால்வின் ஓசை என் காதில் கேட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிழையை நான் மறுபடியும் செய்திருந்தேன். ஒட்டிய துண்டுகளை உலையில் வைக்காமல் தட்டிலே குளிரவிட்டேன். பதிவேட்டில் முழு நேரத்தையும் எழுதி வைத்தேன்.

பிரியமானவர்களே, நம்முடைய திருமணங்களிலும் இதைத்தானே காண்கிறோம்? நிச்சயதார்த்தத்திலிருந்து திருமணநாள் வரை ஊரே கூடி நிற்கிறது. மறுவீட்டு விருந்தும் முடிந்த பிறகு, புது மருமகள் சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று தெரியாமல் தனியாக நிற்கும்போது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தம்பதிகள் என்னிடம் ஆலோசனைக்கு வருவது பெரும்பாலும் விரிசல் விழுந்த பிறகுதான். திருமணத்துக்கு முன்பு அவர்களோடு நான்கு முறை உட்கார்ந்து பேசும் நான், திருமணத்துக்குப் பின்பு ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நம் முன்னோர் இதில் நம்மைவிட ஞானமுள்ளவர்களாக இருந்தார்கள். தரங்கம்பாடியில் 1919-இல் கூடிப் பேசத் தொடங்கிய வெவ்வேறு திருச்சபையினர், 28 ஆண்டுகள் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று நம் நகரத்தின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். அந்த 28 ஆண்டுகளை எல்லாரும் நினைவுகூருகிறோம். நான் நினைப்பதோ அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளை. பேராயரால் அபிஷேகம் பெறாத ஊழியர்களையும் மறு அபிஷேகம் கேட்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு, ஊழியம் மெல்ல மெல்ல ஒன்றாக வளர்வதற்கென்று முப்பது ஆண்டுகளை இடைக்காலமாக ஒதுக்கி வைத்தார்கள். ஒட்டிய அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணவில்லை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. சூடு எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடாதிருங்கள். அலுமினியத்தையும் எஃகையும் உராய்வினால் ஒட்டலாம், ஒட்டுகிறார்கள். அந்த இணைப்பை அதிக சூட்டில் அதிக நேரம் வைத்தால், எல்லையில் இரும்பும் அலுமினியமும் வினைபுரிந்து உண்டாகும் ஒரு கூட்டுப்பொருள் படலம் தடித்துக்கொண்டே போகும். அது மிக நொறுங்குவது. மெல்லியதாய் இருக்கும்வரை இணைப்பு தாங்கும். தடித்தால் அங்கேயே பிளக்கும். குரோமியம் குறைந்த எஃகையும் மிகுந்த எஃகையும் இணைத்து நெடுநேரம் சூட்டில் வைத்தாலோ, ஒன்றிலிருந்த கரி மற்றொன்றுக்குள் இடம்பெயர்ந்துவிடும். கொடுத்த பக்கம் மென்மையாகும், வாங்கிய பக்கம் கெட்டியாகும். ஆகவே எந்த ஜோடிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

குடும்பங்களிலும் அப்படியே. சில வருத்தங்களை உட்கார வைத்துப் பேசித் தீர்க்கவேண்டும். சிலவற்றையோ மீண்டும் மீண்டும் கிளறக் கிளறப் படலம் தடிக்கும். ஒருவரே எப்போதும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால், கொடுத்தவர் பலவீனப்படுவார், வாங்கியவர் இறுகிப்போவார். இது சமாதானம் அல்ல. நம்முடைய இணைப்பில் விட்டுக்கொடுத்தது எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன். நேரத்தை விட்டவர்கள், பாயை விட்டவர்கள், துடைப்பத்தை விட்டவர்கள், எல்லாரும் ஒரே பக்கத்தார்.

இன்னொன்றும் உண்டு. தானியேல் கண்டு சொன்ன சிலையின் பாதங்களில் இரும்பும் களிமண்ணும் ஒட்டாமல் நின்றதை நாம் அறிவோம். ஒட்டக்கூடிய இரு உலோகங்களிலும் ஒட்டிய பிறகு தீராத ஒரு வேறுபாடு இருக்கிறது. சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. உலையில் வைத்து உள்ளிழுப்பைத் தளர்த்தலாம். ஆனால் ஆறும்போது ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்குவதால், ஓரளவு இழுவிசை திரும்ப வந்தே தீரும். எந்த உலையும் அதை முற்றிலும் நீக்காது.

இதற்கு என்ன செய்கிறார்கள் என்பதை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் வீட்டுக்கு முன் ஓடும் இதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே 1971-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியோடு பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். திரவ சோடியம் பாயும் குழாய்கள் ஒருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நீராவி உண்டாக்கும் கலம் வேறுவகை குரோமிய எஃகு. இரண்டும் சந்திக்கவேண்டும். அது உராய்வு இணைப்பு அல்ல, உருக்கிப் பற்றவைப்பது. ஆனால் சிக்கல் ஒன்றே. ஒரு மீட்டர் நீளம் 500 டிகிரி சூடேறினால், குரோமிய எஃகு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளும். நேரடியாக ஒட்டினால், உலை சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் இணைப்பு இழுபடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளக்கூடிய மூன்றாவது உலோகம் ஒன்றை, அலாய் 800 என்பதை, ஒரு சிறு துண்டாக வைத்து இணைக்கும் முறையை உருவாக்கினார்கள். வேறுபாடு போய்விடவில்லை. ஒரே இடத்தில் விழுந்த பாரம் இரண்டு இடங்களில் பகிரப்பட்டது.

நம் சபையிலும் அப்படி ஒருவர் இருந்தார், நான் கவனிக்கவில்லை. குப்பத்தில் பிறந்து, படித்து ஆசிரியையாகி, இன்று அடுக்குமாடியில் வாழும் ஒரு சகோதரி. இரு தரப்பாரின் பேச்சும் அவருக்குப் புரியும். இரு தரப்பாரின் மௌனமும் புரியும். அந்தத் தாயாரை அவர் ‘அத்தை’ என்றுதான் அழைப்பார். நான் அவரிடம் போய்க் கேட்டபோது, “நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் ஐயா” என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் தாமே ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அத்தையின் வீட்டுக்குப் போய், “வாங்க அத்தை, சேந்து பெருக்கலாம்” என்று அழைத்திருக்கிறார். இரண்டாவது வாரம் அடுக்குமாடியிலிருந்து மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மூப்பர்கள் கூடி, மாதத்தில் இரண்டு ஞாயிறு ஆராதனையை மறுபடியும் பத்தரை மணிக்கு மாற்றினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அப்படி ஒருமுறை எழுதியது போதும். அந்தத் தாயார் சில ஞாயிறுகளில் வருகிறார்; சில ஞாயிறுகளில் வருவதில்லை. குப்பத்துக் குடும்பங்களில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. பத்தரை மணி ஆராதனையால் அடுக்குமாடிக் குடும்பம் ஒன்றுக்கு வருத்தம். இழுவிசை இருக்கிறது. அது இருக்கவே செய்யும். ஆனால் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற மூப்பர் கூட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஆண்டறிக்கையின் வரியைத் திருத்த அனுமதி கேட்டேன். ‘இனிதே நிறைவேறியது’ என்பதை அடித்துவிட்டு, ‘தொடங்கியது, போதகர் நான்கு மாதங்கள் கவனிக்கத் தவறினார்’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அந்தப் போர்மேன் பேனாவை நீட்டிய கை என் கண்முன் நின்றது.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடந்த ஓராண்டுக்குள் உங்கள் வாழ்வில் புதிதாய் இணைந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மருமகளாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்து உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம், அடுத்த இருக்கையில் சேர்ந்த சக ஊழியராக இருக்கலாம், சபையில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவராக இருக்கலாம். சேர்ந்த நாளன்று அவரை வாழ்த்தினீர்கள். அதன்பின் அவரோடு அமர்ந்து பேசினீர்களா? இன்னும் பேசவில்லையென்றால், நாட்குறிப்பில் எழுதி வைக்காதிருங்கள். இந்த வாரமே போங்கள். பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். ஒரு தேநீர் போதும். ‘இருங்கள்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்த மெக்கானிக் கடைச் சிறுவன் பழைய வால்வைத் தனக்குத் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டான். தேய்ந்திருந்தது அதன் தலை விளிம்பு மட்டுமே. இணைப்பிடம் எங்கே என்று அவன் நகத்தால் தடவித் தேடினான், அகப்படவில்லை. யாரோ ஒருவர், எந்தப் பட்டறையிலோ, எந்த இரவிலோ, அதைக் குறித்த நேரம் முழுவதும் உலையில் வைத்திருந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

ஜெபிப்போம். எங்களை ஒன்றாய்ச் சேர்த்த ஆண்டவரே, சேர்த்த பின்பு எங்களைக் கைவிடாமல் காத்துவருகிறவரே, ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் பொறுமையை எங்களுக்குத் தாரும். நாங்கள் செய்யாததைச் செய்தோம் என்று எழுதாதபடி எங்கள் கைகளைக் காத்தருளும். வராமல் நின்றவர்களின் வாசலுக்கு எங்களை இந்த வாரமே நடத்தும். ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர், பாலவாக்கம்